மாதா மாடத்தில் புள்ளிச்செடி

தங்கச்சிமடம்
16.06.2024

அன்புள்ள அனிட்டா அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அப்பா, அண்ணன், மதினி, ஜெனிஷ், நான், உன் ஒன்பது செடிகள் எல்லாரும் சுகம். திண்டுக்கல்லில் உனக்கு இன்னும் இருமல் இருக்கிறதா? நவகன்னியர் இல்லத்தில் வெந்நீர் கேட்டால் தருவார்கள்தானே?

மீன்பிடித் தடைக்காலம் வெள்ளிக்கிழமை முடிந்தது. அண்ணனும் அப்பாவும் மறுநாளே கடலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் முக்கியமான செய்தி, ஜெனிஷ் நடக்கிறான். பதிமூன்று மாதம் முடிந்து நான்காவது நாள், அரிசி வாளியிலிருந்து செடி மேடை வரை ஏழு அடி எடுத்து வைத்தான். போய்ச் சேர்ந்ததும் மணிபிளாண்டின் ஓர் இலையைக் கடித்தான். அன்றிலிருந்து உன் செடிகள் அவனுக்கு ஒன்பது தட்டுச் சோறு மாதிரி.

வெளியே வைக்க முடியாது என்று உனக்கே தெரியும். போன வருஷம் வாசலில் வைத்த குரோட்டன்ஸ் மூன்றே நாளில் உப்புக்காற்றில் கருகிவிட்டது. அதனால் வீட்டுக்குள்ளேயே இரண்டு முயற்சிகள் செய்தேன். இலைகளில் வேப்பெண்ணெய் தடவினேன். பால் மறக்கடிக்க மதினி வேப்பிலை அரைத்துத் தடவியதை மறந்துவிட்டேன். அவனுக்கு அந்தக் கசப்பு பழகியிருக்கிறது. நக்கிவிட்டுச் சிரித்தான். பிறகு அண்ணன் பழைய வலையை மேடையைச் சுற்றிக் கட்டினான். வலைக்கண் வழியாக ஜெனிஷ் கையை விட்டு மண்ணை எடுத்துத் தின்றான்.

அப்பா, "ஏலே, மீன் கூடைக்குள்ள பொறந்த பயலுக்குக் கீரை கேக்குதோ!" என்று சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. "இன்னொரு இலை அவன் வாயில போச்சு, அம்புட்டுச் செடியும் கடல்லதான். ஒன் அக்காட்ட எழுதிச் சொல்லிரு" என்றார். சொல்லிவிட்டேன். என்ன செய்யலாம் என்று நீ சொல்.

உன் தங்கை
ஷெரின், ஒன்பதாம் வகுப்பு


நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்
07.07.2024

பாசமுள்ள ஷெரினுக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். இருமல் போய்விட்டது. வெந்நீர் தருகிறார்கள். கன்னியாஸ்திரி ஆகும்வரை மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் நாங்கள் எழுதலாம், அதனால்தான் தாமதம். வருகிற கடிதங்களை மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். வேப்பெண்ணெய் இடத்தில் அவர் சிரித்தாராம்.

மதினி சொல்வதுதான் சரி. பிள்ளைக்குப் பிறகுதான் செடி. மணிபிளாண்டை ஜன்னல் கம்பியின் உச்சியில் கட்டு, கொடி கீழே தொங்கினால் வெட்டிவிடு. கற்றாழையையும் மற்றவற்றையும் பீரோ மேல் ஏற்று. மண் தெரியாமல் பெரிய சிப்பிகளைப் பரப்பு. அவன் தொண்டையில் இறங்காத அளவுச் சிப்பியாகப் பார்.

புள்ளிச்செடியை மட்டும் தனியாக வைக்க வேண்டும். கல்லூரியில் இதே இனச் செடியின் தண்டை வெட்டியபோது பால் பட்டு என் கை அரை நாள் அரித்தது. அதை மாதா மாடத்தில் வை. வீட்டில் யாரும் கை நீட்டாத இடம் அது ஒன்றுதான். கிழக்கு வெளிச்சமும் படும். அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து நான் நட்ட செடி அது, உனக்கு நினைவிருக்கும். அது இருந்தால் எனக்குப் போதும்.

எல்லாருக்கும் என் செபம்.

அனிட்டா


தங்கச்சிமடம்
16.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மாலைக்குள் எல்லாவற்றையும் செய்துவிட்டேன். நாங்கள் நலம். நீ சாப்பாட்டில் மீன் இல்லை என்று குறைப்படாமல் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

புள்ளிச்செடி இப்போது மாதாவின் வலது பக்கம் இருக்கிறது. மாடத்துக்கே ஒரு தனி அழகு வந்துவிட்டது. அப்பாகூட, "இங்கன மாதாவுக்குக் கெபி கட்டுன மாதிரி இருக்கே" என்றார். மதினி மெழுகுவர்த்தியைச் செடிக்குச் சூடு படாமல் இடது பக்கம் நகர்த்தி வைத்தார். அது சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாலை செபம் முடிந்ததும் ஜெனிஷை மாதாவுக்கு முத்தி கொடுக்க வைப்பது என் வேலை. இடுப்பிலிருந்து தூக்கி மாடத்துக்கு நேராகப் பிடிப்பேன். மற்றவர்களைப் போல உதட்டைக் குவிக்க அவனுக்குத் தெரியாது. வாயைத் திறந்தபடியே மாதாவின் பாதத்தில் ஒட்டிக்கொள்கிறான். பாதத்து நீலச் சாயம் எச்சிலில் கொஞ்சம் போய்விட்டது. "மாதா கால அரிச்சே தின்னுருவான்" என்கிறான் அண்ணன். கடைசிப் பாட்டு தொடங்கும்போதே முத்திக்காக என்னிடம் தாவுகிறான். மதினியிடம்கூட அதற்காகப் போவதில்லை. இதை நான் கர்வத்தோடு எழுதவில்லை, கவனித்ததை எழுதுகிறேன்.

இனி செடிகளைப் பற்றிக் கவலைப்படாதே.

ஷெரின்


தங்கச்சிமடம்
28.07.2024
(இதைத் தபாலில் சேர்க்கப் போவதில்லை)

அக்கா,

எல்லாரும் சுகம் என்று தொடங்க முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடும் என்பதால் எழுதுகிறேன்.

மாடத்துக்குப் போனதிலிருந்து புள்ளிச்செடி ஒரு புது இலை விட்டது. வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து மாதாவின் பாதத்துக்கு மேலே வந்து நின்றது. குடை பிடிப்பதுபோல இருக்கிறதே என்று இரண்டு நாள் பார்த்து ரசித்தேன். வியாழக்கிழமை செபம் முடிந்து ஜெனிஷைத் தூக்கினேன். அவன் வாயைத் திறந்தான். பாதத்துக்குப் பதிலாக இலையைக் கடித்தான்.

முதலில் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அழுதான். பிறகு வாய் அழுதது, சத்தம் வரவில்லை. எச்சில் நிற்காமல் ஒழுகியது. உதடும் நாக்கும் வீங்கின. மதினி விரலை விட்டு இலையை வழித்தெடுத்து, ஈரத் துணியால் வாயைத் துடைத்தார். அண்ணன் ஆட்டோ பிடித்தான். கடித்த இலையின் மீதியை நான் பென்சில் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். ராமேஸ்வரம் ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துவிட்டு, "கொண்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். மூச்சுக்குழாய் வீங்கினால் ஆபத்து என்று 108-இல் இராமநாதபுரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். கஞ்சி குடிக்கிறான். குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது. ஒரு வாரத்தில் சரியாகும் என்றார்கள்.

வந்ததும் மதினி புள்ளிச்செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய்க் கடற்கரைக் குப்பையில் போட்டார். கையைக் கழுவிவிட்டு என்னைக் கேட்டார்.

"அத அங்கன யாரு வச்சது?"

"நான்தான் மதினி."

"ஒனக்காத் தோணுச்சா, யாரும் சொன்னாகளா?"

"எனக்காத்தான் தோணுச்சு."

உன் கடிதத்தை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கவில்லை. அதனால் என் பேச்சை நம்பினார். "இனி அவனத் தொடாத" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அது முடிந்திருக்கும்.

உனக்கு ஏன் அனுப்பவில்லை என்றால், போன வருஷம் எனக்குக் காய்ச்சல் என்று எழுதியதற்கே நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். மதர்தான் தடுத்தார்கள். இதை எழுதினால் நீ வந்துவிடுவாய். மதினிக்கு ஏன் சொல்லவில்லை என்றால், நீ திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பதில் சொல்ல முடியாது. நான் இங்கே இருக்கிறேன். பொய் சொன்னதைக் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்போகிறேன். அதோடு கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஷெரின்


நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்
04.08.2024

பாசமுள்ள ஷெரினுக்கு,

உன் ஜூலைக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இங்கே சுகம். காலையில் தோட்ட வேலை எனக்குத்தான்.

நல்ல செய்தி. டிசம்பர் 8, மாதா திருநாளன்று எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு. துறவற வாக்குக் கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகிறோம். வீட்டில் எல்லாரும் வர வேண்டும். ஜெனிஷை நீதான் தூக்கி வர வேண்டும், வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே. திறந்த வாயோடு அவன் தரும் முத்தி எனக்கும் ஒன்று வேண்டும்.

புள்ளிச்செடி புது இலை விட்டதா? எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எழுது. அதை மாடத்தில் வைத்ததிலிருந்து எனக்கு வீட்டு நினைப்பே நிம்மதியாக இருக்கிறது.

அனிட்டா


தங்கச்சிமடம்
18.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வார்த்தைப்பாட்டுத் தேதி அறிந்து எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டார். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கே காற்று அதிகம். இரண்டு தடவை படகுகள் போகவில்லை. காலாண்டுத் தேர்வு வருகிறது. எட்டுச் செடிகளும் நலம். அவற்றை எங்கள் பள்ளி ஆய்வுக்கூட ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். உயிரியல் எடுக்கும் உமையாள் டீச்சர் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். சில செடிகளின் இலைக்குள் ஊசி மாதிரி நுண்ணிய படிகங்கள் இருக்கும் என்றும், கடித்தால் அவை வாயில் குத்தும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். தப்பி ஓட முடியாத உயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது என்றார்கள்.

எழுத வேறு செய்தி இல்லை.

ஷெரின்


நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்
01.09.2024

பாசமுள்ள ஷெரினுக்கு,

தேர்வு நல்லபடியாக அமைய வேண்டிக்கொண்டேன்.

எட்டு என்று எழுதியிருக்கிறாய். நான் விட்டுவந்தது ஒன்பது. உனக்கு எண்ணிக்கை தவறாது என்று எனக்குத் தெரியும். பீரோ மேலே இருந்தவை ஏன் பள்ளிக்கூடத்துக்குப் போயின? இன்னொன்று, உன் கடிதத்தில் ஜெனிஷ் என்ற பெயரே இல்லை. இதுவரை அவன் பெயர் வராமல் நீ அரைப் பக்கம்கூட எழுதியதில்லை.

நேராகக் கேட்கிறேன். பிள்ளை எப்படி இருக்கிறான்?

அனிட்டா


நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்
06.10.2024

ஷெரின்,

செப்டம்பர் முழுவதும் தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருந்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இருபதாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் மதரிடம் கேட்டுக்கொண்டு புறப்பட்டு வருவேன். இப்போது நடுவில் வந்தால் டிசம்பர் வார்த்தைப்பாடு எனக்குத் தள்ளிப்போகும். போனால் போகட்டும்.

அனிட்டா


தங்கச்சிமடம்
13.10.2024

அனிட்டாவுக்கு ஜோதிமேரி மதினி எழுதிக்கொள்வது.

நீ வர வேணாம். புள்ள நல்லாருக்கான். இத மொதல்ல எழுதிட்டேன், இனி நிதானமாப் படி.

ஒன் காயிதம் நேத்து எங்கையிலதான் வந்துச்சு. ஷெரின் கோயில் வகுப்புக்குப் போயிருந்தா. நீ வந்துருவேன்னு எழுதியிருந்தியா, என்ன ஏதுன்னு முந்துன காயிதங்களத் தேடுனேன். அவ உயிரியல் நோட்டு அட்டைக்குள்ள எல்லாம் இருந்துச்சு. அடியில இது இருந்துச்சு. ஒனக்கு எழுதி ஒனக்கு அனுப்பாதது. இதுக்குள்ள வச்சிருக்கேன். படிச்சா எல்லாம் வெளங்கும்.

செடிய மாடத்துல வைக்கச் சொன்னது நீயின்னு எனக்கு நேத்துதான் தெரியும். ரெண்டரை மாசமா அந்தப் புள்ள வாயத் தொறக்கல. நான் அவ கையில ஜெனிஷக் குடுக்கல. அவன் அவகிட்டத் தாவுவான், நான் இழுத்துக்கிருவேன். அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. ஒரு நாளும் கேக்கல.

ஒன்மேலயும் கோவம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். ராவெல்லாம் யோசிச்சேன். அந்த இலை மாதா கால்கிட்டச் சாஞ்சத நானுந்தான் பாத்தேன். அழகா இருக்குன்னு மெழுகுவத்திய நகட்டி வச்சது நாந்தான். அன்னைக்கு அவ தூக்கும்போது ரெண்டடி பின்னால நின்னேன். எனக்கும் கண்ணு இருந்துச்சு.

இதெல்லாம் ஒங்க மதர் படிப்பாகளாமே. படிக்கட்டும்.

இன்னைக்குச் செபத்துல அவனத் தூக்கி அவ கையில குடுக்கப்போறேன். வாங்குவாளான்னு தெரியல. நீ எட்டாந்தேதிக்கு ஆக வேண்டியதப் பாரு.

மதினி ஜோதிமேரி


நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்
03.11.2024

என் ஷெரினுக்கு,

மதர் அந்த இரண்டு கடிதங்களையும் படித்துவிட்டு, என்னை அழைத்துக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். முதல் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். எனக்குத்தான் எழுத வரவில்லை.

அதன் பால் அரிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஒரு குழந்தையின் வாய்க்கு நேராக வைக்கச் சொன்னேன். அந்த மாடத்தை நான் தனியாக நின்றுதான் பார்த்திருக்கிறேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரும் கை நீட்டாத இடம் என்று எழுதினேன். தினமும் ஒரு வாய் நீளும் இடம் என்று நீ ஜூலையிலேயே எழுதியிருந்தாய். மூன்று முறை வாசித்தேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

என் தவறை நீ வைத்துக்கொள்ளாதே. அது என்னுடையது, நான் சுமந்துகொள்வேன். அதற்காக ஓடியும் வர மாட்டேன். இதே போல மதினிக்கும் தனியாக எழுதி இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அன்று அவனை வாங்கினாயா?

அனிட்டா


தங்கச்சிமடம்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

அன்று வாங்கவில்லை. மதினி கையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் செபமாலையை மடித்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் நீட்டினார். "ரொம்பத்தான் பண்ணாதடி" என்றார். அப்படியும் வாங்கவில்லை. எனக்குக் கோபம் இல்லை. என் கைகள் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவிடம் போனோம். திரும்பி வரும்போது அப்பா என்னைப் பாலத்துக்குக் கீழே கட்டியிருந்த படகுக்குக் கூட்டிப்போனார். டிரைவர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு பெயிண்ட் டப்பாவில் புள்ளிச்செடி இருந்தது. மதினி குப்பையில் போட்ட அன்றே அப்பா ஒரு கணுவை முறித்துக்கொண்டு வந்தாராம். மூன்று இலை விட்டிருக்கிறது. "இங்கன புள்ளை ஏறாது. உப்புக்காத்தும் உள்ள வராது" என்றார். ஆகவே அக்கா, உன் செடி வாரம் மூன்று நாள் கடலுக்குப் போய் வருகிறது. மதினிக்கும் தெரியும். "படகோட இருக்கட்டும், படியேறுச்சு, தொலச்சுருவேன்" என்றிருக்கிறார்.

உன் கடிதங்கள் நேற்று வந்தன. மதினி தனக்கு வந்ததை அடுப்படியில் நின்றபடியே படித்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். மாலை செபத்தில் கடைசிப் பாட்டு தொடங்கியதும், ஜெனிஷை என் மடியில் உட்கார வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். பாட்டு முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழ வேண்டியிருந்தது.

அவன் கனத்திருக்கிறான். மாடத்தில் இப்போது மாதாவும் மெழுகுவர்த்தியும் மட்டும்தான். ஜூலைக்குப் பிறகு அவன் யார் தூக்கினாலும் முத்தி கொடுப்பதில்லை என்று மதினி சொன்னார். எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் நான் அடுப்படியில் இருந்தேன். நேற்று அவனைத் தூக்கி மாடத்துக்கு நேராகப் பிடித்தேன். மாதாவைப் பார்த்ததும் தன் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டான். அவனுக்குக் காட்டுவதற்காக நான் குனிந்து மாதாவின் பாதத்துக்கு என் முகத்தைக் கொண்டுபோனேன்.

அவன் அவசர அவசரமாக இன்னொரு கையை நீட்டி என் வாயையும் பொத்தினான்.

டிசம்பர் எட்டாம் தேதி நான்தான் அவனைத் தூக்கி வருகிறேன்.

உன் தங்கை
ஷெரின்